ஃப்ளோரன்சின் வாயில் இன்னொருத்தி குரல்

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஃப்ளோரன்ஸ் அக்கா வீட்டுக் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. சேவூரில் எங்கள் தெருவில் பாதிப் பேர் அங்கேதான் உட்கார்ந்திருந்தோம். தறியில் இருந்தவர்கள்கூட எழுந்து வந்துவிட்டார்கள். அக்கா நடித்த படம் அன்றுதான் வெளியாகியிருந்தது. தியேட்டரில் அல்ல, வீட்டு டிவியில் சந்தா கட்டிப் பார்க்கிற படம். மகள் ரீனா இதற்காகவே வேலூரிலிருந்து லீவு போட்டு வந்து ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்காவின் கணவர் கிளமெண்ட் அண்ணன் எல்லோருக்கும் கலர் சோடா ஊற்றிக் கொடுத்தார்.

படத்தின் பெயர் ‘ஊரெல்லாம் வாசல்’. சென்னையில் ஒரே தெருவில் குடியிருக்கிற, பல ஊர்களிலிருந்தும் பல மொழிகளிலிருந்தும் வந்த மனிதர்களைப் பற்றி ஐந்து குட்டிக் கதைகள். மூன்றாவது கதையில்தான் அக்கா வருகிறார். ஆரணியிலிருந்து பட்டுப்புடவை கொண்டுவந்து வீடு வீடாக விற்கும் பெண். நிஜத்திலும் அக்காவுக்கு அதுதான் தொழில். அவராகவே அவர் நடித்திருந்தார்.

திரையில் அக்கா புடவை மூட்டையோடு மாடிப்படி ஏறியபோது நாங்கள் கை தட்டினோம். ஒரு வீட்டு மணியை அடித்தார். கதவு திறந்தது. அக்கா வாயைத் திறந்தார்.

“ஏனுங்கம்மா, சௌக்கியமுங்களா? வெயிலு தாங்க முடியலீங்க” என்றது ஒரு மெல்லிய, தேன் தடவிய குரல்.

கூடத்தில் சிலர் சிரித்தார்கள். டிவியில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டோம். ரீனா நிறுத்தி, மொழி சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். தமிழ் என்றுதான் இருந்தது. மறுபடி ஓடவிட்டாள். மறுபடியும் அதே கோயம்புத்தூர்க் குரல். முகம் அக்காவுடையது, கையாட்டம் அக்காவுடையது, வாயிலிருந்து வந்தது யாரோ.

“இன்னாக்கா இது, நீ இப்டியா பேசுவ?” என்றான் எதிர்வீட்டுப் பழனி.

அக்கா கதை முடிகிறவரை அசையாமல் பார்த்தார். முடிந்ததும் எழுந்து உள்ளே போனார். கிளமெண்ட் அண்ணன் பின்னாலேயே போய், “வுடு ஃப்ளோரன்ஸு. மூஞ்சி வந்துச்சில்ல, பேர் வந்துச்சில்ல” என்றது எங்களுக்கும் கேட்டது.

“மூஞ்சி மட்டும்னா போட்டோ புட்ச்சிகினு போயிருக்கலாமே. இன்னாத்துக்கு என்னப் பேச வச்சாங்க?” என்றார் அக்கா.

அவர் கோபத்தைப் புரிந்துகொள்ள அவரைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் அக்கா தி.நகரில் ஒரு பெரிய பட்டுக்கடையில் சேல்ஸ் பெண்ணாகச் சேர்ந்தார். ஆரணிப் பெண், பட்டைத் தொட்டுப் பழகியவள் என்று சந்தோஷமாகத்தான் எடுத்தார்கள். அவர் ஒரு வாடிக்கையாளரிடம் “இன்னா கலர் வோணும்மா?” என்று கேட்டதை மேற்பார்வையாளர் கேட்டுவிட்டார். எல்லோர் முன்னாலும் கூப்பிட்டு, “இந்தச் சேரி பாஷையெல்லாம் வெளியில வச்சுக்கோ” என்றார். அன்றிலிருந்து அக்காவுக்குப் புடவை மடிக்கிற வேலை மட்டும்தான். வாடிக்கையாளர் ஏதாவது கேட்டால் வாயைத் திறக்காமல் பக்கத்துப் பெண்ணைக் காட்ட வேண்டும். ஊமைபோல எவ்வளவு நாள் நிற்பது? வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தார். தெரிந்த தறிக்காரர்களிடம் புடவை வாங்கி மூட்டை கட்டிக்கொண்டு மறுபடி சென்னைக்கே பஸ் ஏறினார், இந்த முறை தன் வாயை நம்பி.

அந்த வாய்தான் அவரை வாழவைத்தது. புரசைவாக்கத்திலும் அதைச் சுற்றியும் அக்காவுக்கு வாடிக்கை வீடுகள். சேட்டு வீட்டில் கொஞ்சம் இந்தி, பாய் வீட்டில் கொஞ்சம் உருது, ரெட்டியார் வீட்டில் கொஞ்சம் தெலுங்கு என்று கலந்துகட்டிப் பேசுவார். எதைப் பேசினாலும் அடியில் ஆரணிப் பேச்சுதான் இருக்கும். புடவை எடுக்காத நாளிலும் அவரை உட்காரவைத்துக் காபி கொடுத்துப் பேசிக்கொண்டிருப்பவர்கள் அவர்கள். கல்யாணம், சாவு, மாமியார் சண்டை எல்லாம் இவரிடம் வந்து இறங்கும்.

அப்படி ஒரு வீட்டுப் பெண்தான் அகல்யா. பள்ளிக்கூட யூனிபார்மில் அக்காவின் மூட்டை மேல் ஏறி உட்காருவாளாம். வளர்ந்து சினிமா படித்தாள். ஐந்து கதைகளில் ஒன்றை இயக்கும் வாய்ப்பு வந்ததும் நேராக அக்காவிடம் வந்து நின்றாள்.

“ஆன்ட்டி, நடிகை யாரையும் நான் தேடலை. நீங்களே வரணும். நீங்க எப்படிப் பேசுவீங்களோ அப்படியே பேசுங்க. ஒரு வார்த்தைகூட மாத்த வேண்டாம்.”

“நான் பேசுனா சிரிப்பாங்க கண்ணு” என்று அக்கா தயங்கினார்.

“சிரிக்கட்டும். அப்புறம் கேப்பாங்க” என்றாள் அகல்யா. அந்த வார்த்தையை நம்பித்தான் அக்கா போனார்.

படப்பிடிப்பை அக்கா ஊருக்கு வந்து கதை கதையாகச் சொல்வார். கடைசிக் காட்சியைத்தான் அதிகம் சொல்வார். அதில் ஒரு மலையாளத்து அம்மா. அவர் மகள் வேறு மதத்துப் பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். அந்தக் கோபத்தில் மகளுக்குக் கல்யாணப் புடவை எடுக்க மாட்டேன் என்கிறார். எழுதியபடி பார்த்தால் புடவைக்காரி ஒன்றும் சொல்லாமல் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விட வேண்டும். ஆனால் கேமரா ஓடும்போது அக்காவால் அப்படிப் போக முடியவில்லை. அரக்குச் சிவப்பில் ஒரு புடவையை எடுத்து அந்த அம்மாவின் மடியில் வைத்தார்.

“நீ எடுக்காட்டி போம்மா, நான் வச்சிட்டுப் போறன். நாளைக்கு அந்தப் பொண்ணு திரும்பி வர சொல்ல உன் கையில இன்னா இருக்கும்? கதவோட தாப்பாதானா?”

எங்கள் பக்கத்தில் ‘வரும்போது’ என்பதை ‘வர சொல்ல’ என்போம், ‘போகும்போது’ என்பதை ‘போவச் சொல்ல’ என்போம். அந்த இடத்தில் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்களாம். எதிரே நடித்த அம்மா நிஜமாகவே அழுதாராம். அகல்யா ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டாளாம்.

அதே காட்சியைத்தான் எங்கள் தெருவே சேர்ந்து பார்த்தோம். “நாளைக்கு அவ வரும்போது உங்க கையில என்னங்க இருக்கும், தாழ்ப்பாளுங்களா?” என்று கொஞ்சியது அந்தக் குரல். சொன்னது அக்காவின் வார்த்தைதான், அதன் உயிர் மட்டும் போய்விட்டது. கோயம்புத்தூர்ப் பேச்சில் எனக்கு ஒரு குறையும் தெரியாது. கோயம்புத்தூர்க்காரர் பேசினால் காதுக்கு இதமாகத்தான் இருக்கும். ஆரணிக்காரியின் வாயில் அதை ஒட்டவைத்ததுதான் அசிங்கம்.

அதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. அந்தப் படத்தில் சேட்டம்மா இந்தியில் பேசுகிறார், கீழே தமிழ் எழுத்து ஓடுகிறது. பாய் வீட்டு அம்மா உருதில் பேசுகிறார், அதற்கும் எழுத்து. நேபாளத்து வாட்ச்மேன் தன் ஊர்ப் பாட்டையே பாடுகிறார். யார் பேச்சிலும் கை வைக்கவில்லை. வைக்கவும் கூடாது. எத்தனையோ தூரத்திலிருந்து வந்தவர்களை அவரவர் மொழியில் பேசவிட்ட அந்தப் படத்துக்கு, ஆரணியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிற ஒருத்தியின் தமிழ் மட்டும் ஆகவில்லை.

மறுநாள் அக்கா அகல்யாவுக்குப் போன் செய்தார். எடுக்கவில்லை. சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். தயாரிப்பாளர் முடிவு, நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன் என்று இழுத்தாள். “அடுத்த ஞாயிற்றுக்கிழமை படத்துக்கு ஒரு பாராட்டு விழா இருக்கு ஆன்ட்டி. நீங்க கண்டிப்பா வரணும். சுதாகர் சார் கிட்ட நேர்ல பேசலாம்” என்றாள். சுதாகர்தான் அந்தப் படத்துக்குப் பணம் போட்டவர்.

“வரேன்” என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார் அக்கா. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக்கூடப் போகாமல் ரீனாவையும் என்னையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறினார். வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். அந்தக் குரல் கொடுத்தவளைப் பார்த்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்பேன் என்று மட்டும் ஒரு தடவை சொன்னார்.

விழா நடந்தது ஒரு சின்ன அரங்கத்தில். வாசலிலேயே அக்காவின் முகம் பெரிய பேனரில் சிரித்தது. சுதாகர் நல்ல மனிதர் போலத்தான் தெரிந்தார். எழுந்து நின்று வணங்கினார், நாற்காலி போடச் சொன்னார்.

“எல்லாரும் உங்களைத்தான் பேசறாங்கம்மா. உங்க முகத்துல அப்படி ஒரு உண்மை” என்றார்.

“மொகத்துல இருக்குது, வாய்ல இல்லியாங்க?” என்று கேட்டார் அக்கா.

சுதாகர் சிரித்தார். “தப்பா எடுத்துக்காதீங்க. சில பேருக்குப் போட்டுக் காட்டினோம். உங்க ஸ்லாங் வந்ததும் காமெடின்னு நினைச்சுச் சிரிக்கிறாங்க. இல்லன்னா ரவுடி குடும்பம்னு நினைக்கிறாங்க. வா, போன்னு பேசறது மரியாதை இல்லாத மாதிரி இருக்கு. அம்மான்னா ஒரு பாசம் தெரியணும் இல்லையா? அதுக்குத்தான் மாத்தினோம். உங்க நல்லதுக்குத்தான்.”

“எங்கூர்ல பாசமா பேசறதே இப்டிதாங்க.”

“புரியுதும்மா. ஆனா ஆடியன்ஸுக்குப் புரியணுமே.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஒரு சின்ன வேண்டுகோள். மேடையில உங்களைக் கூப்பிடுவாங்க. வணக்கம் மட்டும் சொல்லிட்டு இறங்கிடுங்க. நீங்க பேசினா, படத்துல கேட்ட குரல் வேற மாதிரி இருந்ததேன்னு எல்லாரும் குழம்பிடுவாங்க.”

அகல்யா பக்கத்தில்தான் நின்றாள். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் நாவால் வீடு வீடாகப் பிழைத்த ஒரு மனுஷியை, அவள் முகத்தை விற்கிற இடத்திலேயே வாயை மூடச் சொல்ல ஒருவருக்கு எப்படி மனசு வருகிறது? அதுவும் சிரித்துக்கொண்டு, அம்மா அம்மா என்று சொல்லிக்கொண்டு? அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

பெயரைக் கூப்பிட்டார்கள். மேடை ஏறினார். பொன்னாடை போர்த்தினார்கள். “வணக்கம்” என்றார் அக்கா. தொகுப்பாளினி மைக்கைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினாள். அக்கா கொடுக்கவில்லை. கீழே ரீனா தன் போனைத் தூக்கிப் பிடித்தாள்.

“எம் பேரு ஃப்ளோரன்ஸு. ஆரணி பக்கத்துல சேவூரு. படத்துல நீங்க கேட்ட கொரலு என்து இல்ல. நான் பேசுனா இப்டிதான் இருக்கும்.”

யாரோ சிரித்தார்கள். அக்கா அந்தப் பக்கம் திரும்பினார்.

“சிரிங்க, பரவால்ல. இந்தப் படத்துல சேட்டம்மா இந்தில பேசறாங்க. அழகா கீது. பாய் வீட்டம்மா உருதுல பேசறாங்க, கீழ எழுத்து போட்டீங்க. எந்தெந்த ஊர்லேருந்தோ வந்தவங்கள அவங்கவங்க பாஷையில பேச வுட்டீங்க. நல்லது, அப்டிதான் வுடணும். எம் பேச்சு மட்டும் உங்களுக்கு இன்னா பண்ணுச்சு? நானும் தமிழுதான பேசறன். எம் மூஞ்சி வோணும், எம் மூட்டை வோணும், அந்தம்மா மடியில பொடவ வச்சிட்டு நான் சொன்னேனே, அந்த வார்த்தயும் வோணும். நான் சொன்ன மாதிரி மட்டும் வோணாம். இப்பகூட என்னிய வணக்கம் சொல்லிட்டு எறங்கச் சொல்லித்தான் அனுப்பிச்சாங்க.”

அதற்கு மேல் மைக் வேலை செய்யவில்லை. ஸ்பீக்கரில் படத்தின் பாட்டு ஓட ஆரம்பித்தது. அக்கா மைக்கைத் தொகுப்பாளினியின் கையில் வைத்துவிட்டு, பொன்னாடையைக் கழற்றி மேடை நாற்காலியில் போட்டுவிட்டு இறங்கினார். முன்வரிசை அசையவில்லை. பின்வரிசையில் சிலர் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

வெளியே வராந்தாவில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்து தூணோரம் நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும், நல்ல காட்டன் சுடிதார். சுற்றிலும் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு மெதுவாகப் பேசினாள்.

“யக்கா, எம்மேல கோவமா?”

அந்தப் பேச்சைக் கேட்டதும் நாங்கள் மூவரும் நிமிர்ந்தோம். அது எங்கள் பக்கத்துப் பேச்சு.

“நீ யாரும்மா?” என்றார் அக்கா.

“உனக்கு டப்பிங் பேசுனவ நான்தான்க்கா. ஆதிலட்சுமி. எங்கூரு கலசப்பாக்கம்.”

அக்கா அவளையே பார்த்தார். திட்டுவதற்காக வழியெல்லாம் சேர்த்துவைத்தது அவரிடம் இருந்திருக்கும். குடித்துக்கொண்டிருந்த தண்ணீரைக் கீழே வைத்தார்.

ஆதிலட்சுமியே சொன்னாள். அப்பாவும் அம்மாவும் கழனி வேலைக்குப் போய் அவளைப் படிக்கவைத்தவர்கள். அவளுக்கு நல்ல குரல். டப்பிங் பேச வந்த முதல் நாள் “இன்னா சார் சொல்லணும்?” என்று கேட்டிருக்கிறாள். ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அதன்பிறகு ரவுடியின் பெண்டாட்டி, சாராயக்காரியின் மகள் என்று அந்த மாதிரிக் குரல்களுக்கு மட்டும் கூப்பிட்டார்கள். மற்ற வேலை வேண்டுமென்று மதுரைப் பேச்சும் கோவைப் பேச்சும் கற்றுக்கொண்டாள். புது இடத்தில் யாராவது கேட்டால் சொந்த ஊர் பொள்ளாச்சி என்று சொல்லிவிடுவாள். சுதாகருக்கு இன்றைக்கும் அவள் பொள்ளாச்சிக்காரிதான்.

“உன் சீனு ஓடச் சொல்ல, இன்னொரு வாட்டி போடுங்கன்னு கேட்டன்க்கா. எங்கம்மா பேசற மாதிரியே இருந்துச்சு. நீ சொன்னத நான் மனசுக்குள்ள அப்டியே சொல்லிகினு, வெளிய வேற மாதிரி சொன்னன். உன் வாயசைவு ஒரே தடவையில பொருந்திடுச்சு. ரொம்ப நல்லா பண்ணேன்னு பாராட்டினாங்க.”

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “உன்ன வைய்யணும்னுதான் பஸ்ஸுல வந்துகினே இருந்தன். உன்ன வஞ்சி இன்னா ஆவப்போது? என்னிய ஒரு தபா ஊமையாக்கினாங்க. உன்ன தெனம் ஆக்கிகினு கீறாங்க.”

யாரோ வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. ஆதிலட்சுமி கையை விடுவித்துக்கொண்டு போய்விட்டாள்.

ரீனா எடுத்த வீடியோவை அன்றே போட்டாள். ஊரூராகப் பரவியது. கேலி செய்தவர்கள் கொஞ்சநஞ்சம் பேர் இல்லை. ‘இதெல்லாம் தமிழா’ என்று எழுதியவர்கள், அக்காவின் பேச்சை வைத்தே நையாண்டி வீடியோ போட்டவர்கள், எல்லாவற்றையும் அக்கா பார்த்தார். கிளமெண்ட் அண்ணன், “பேஜாரப் புட்சி வந்துட்ட பாரு” என்று முதலில் சலித்துக்கொண்டார். இரண்டு நாளில் அவரே தான் வேலை பார்க்கிற பள்ளிக்கூட அலுவலகத்தில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வீடியோவைக் காட்ட ஆரம்பித்துவிட்டார். போளூரிலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும் வடசென்னையிலிருந்தும் எழுதினார்கள், ஆசிரியர்கள், டிரைவர்கள், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற பிள்ளைகள். ஆபீஸ் போனால் நாங்களும் பேச்சை மாற்றிக்கொள்கிறோம் என்று எழுதியவர்களுக்கு அளவில்லை. பத்திரிகைக்காரர்கள் சுதாகரைக் கேள்வி கேட்டார்கள்.

அகல்யா ஒருநாள் சேவூருக்கே வந்தாள். கண் வீங்கியிருந்தது. படப்பிடிப்பில் பதிவுசெய்த அக்காவின் நிஜக்குரல் சுத்தமாக இருக்கிறது, அதைத் திரும்ப வைக்காவிட்டால் படத்திலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டதாகச் சொன்னாள்.

“இத அப்பவே சொல்லியிருக்கலாமே கண்ணு” என்றார் அக்கா.

“முதல் படம் ஆன்ட்டி. பயந்துட்டேன்.”

“பயந்துட்ட, செரி. ஒரு போன் போட்டு, ஆன்ட்டி இப்டி மாத்திட்டாங்கன்னு சொல்லியிருந்தா தெருவே கூடி இருக்கச் சொல்ல நான் அவமானப்பட்டிருக்க மாட்டேன். எம் மடியில வளந்தவ நீ. அந்தாளு என்னிய வாய மூடச் சொன்னப்ப நீ பக்கத்துலதான நின்ன.”

அகல்யா அழுதாள். அக்கா சாப்பாடு போட்டார். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. இன்றுவரை சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

பேச்சு பெரிதானபின் சுதாகர் இறங்கிவந்தார். குரல் மாற்றப்பட்டது. இப்போது அந்தப் படத்தைப் போட்டால் அக்காதான் பேசுகிறார். எங்கள் தெரு மறுபடி கூடிப் பார்த்தது. “வர சொல்ல” என்று அக்காவின் குரல் கேட்டபோது பழனியின் அப்பா வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ‘எல்லா வட்டார மொழிகளையும் மதிக்கிறோம்’ என்று சுதாகரின் கம்பெனி அறிக்கை விட்டது. அறிக்கையில் மன்னிப்பு என்ற வார்த்தை இல்லை, ஆரணி என்ற பெயர்கூட இல்லை. அதோடு நிற்காமல், கம்பெனிக்கு நன்றி சொல்லி ஒரு சின்ன வீடியோ பேசி அனுப்புங்கள் என்று ஒருவர் அக்காவுக்குப் போன் செய்தார்.

“எதுக்குங்க நன்றி? எங்கொரல என்கிட்டியே குடுத்ததுக்கா?” என்று கேட்டார் அக்கா.

அக்கா பழையபடி மூட்டையோடு சென்னைக்குப் போய் வருகிறார். சில வீடுகளில் புதிதாகக் கூப்பிடுகிறார்கள். ஓர் அடுக்குமாடியில் ஒரு பெண்மணி, “சினிமால பேசினீங்களே, அதே மாதிரி ஒண்ணு பேசிக் காட்டுங்க” என்று போனை நீட்டினாராம். அக்கா விரித்த புடவையை மடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

ஆதிலட்சுமி அடிக்கடி அக்காவுக்குப் போன் செய்கிறாள். போன வாரம் நான் அக்காவோடு உட்கார்ந்திருந்தபோதும் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அக்கா புடவைகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு மூட்டு வலி, ஊருக்குப் போய் ரொம்ப நாளாச்சு என்று அவள் வாய் ஓயாமல் பேசினாள். “நான் போவச் சொல்ல உன்னியும் இட்டுகினு போறன்க்கா” என்று சொல்லிக்கொண்டே வந்தவள், சட்டென்று அந்தப் பொள்ளாச்சிக் குரலுக்கு மாறி, “ஆமாங்க, சரிங்க, நான் அப்புறமா கூப்பிடறேனுங்க” என்றாள்.

அக்காவின் கை நின்றது. “ஆளு வந்துட்டானா? செரி, அப்பால பேசு” என்று போனை அணைத்தார். அப்புறம் கையில் இருந்த புடவையை மடித்தார். மடிப்பு சரியாக விழவில்லை. உதறிவிட்டு மறுபடி மடித்தார்.

“எத்தினி வருசம் இப்டி பேசிகினு இருப்பா அவ?” என்று என்னைக் கேட்டார், நான்தான் அவளை அப்படிப் பேசவைத்த மாதிரி.